பதினாலாம் கேள்வி

மார்ச் 7, 1994. திங்கள்

தூறல். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன், இந்த வருடத்தில் இரண்டாவது.

இன்றிலிருந்து இரண்டு கொப்பி. ஒன்று நீல மட்டை, சலரோக கிளினிக் நேர்ஸ் தந்தது, இரத்தத்தில் சீனி கூடவாம். தின்பது குடிப்பது எல்லாவற்றையும் பத்து நாளைக்கு அதில் எழுதிக் காட்டவேண்டும். மற்றது இது. இதில் உண்மை.

நீலக் கொப்பி, காலை: ரோஸ்ட் பாண் ஒரு துண்டு. பட்டர் இல்லை.

உண்மை: நாலு துண்டு. பட்டர். நேற்றைய கோழிக்குழம்பு. மனைவி மகேஸ் குளிக்கப் போன நேரம் இனிப்பு ரொபித் தகரத்தில் இரண்டு.

நேர்ஸ் நல்ல பிள்ளை. ஐரிஷ்காரி, என் மகளின் வயது இருக்கும். அவளுடைய மனதை ஏன் நோகடிக்க வேண்டும்.

பெரிய செய்தி: வேலை கிடைத்துவிட்டது. வோக்ஸ்ஹால் பக்கம் ஒரு சின்ன உதவி நிறுவனம். வன்னியில் விதைநெல், வெங்காய விதை, மண்வெட்டி கொடுத்தவர்கள். கொடுத்ததால் சனத்தின் சாப்பாட்டுக்கு என்ன நடந்தது, இன்னும் கொடுக்க வேண்டுமா என்று மதிப்பிட ஆள் தேவை. யுத்தத்தால் அங்கே போய்ப் பார்க்கப் பாதை இல்லை. ஆகவே வீடு வீடாக நிரப்பிய படிவங்கள் பெட்டியில் லண்டன் வந்திருக்கின்றன. தமிழும் வாசிக்க வேண்டும், மண்ணும் தெரிந்திருக்க வேண்டும். கிளிநொச்சியில் பதினேழு வருடம் விவசாயப் போதனாசிரியர், பிளேஸ்டோவில் எட்டு வருடம் பெற்றோல் ஸ்டேசன் கண்ணாடிக்குள். என்னைத் தவிர வேறு யார்? மூன்று கிழமை வேலை. ஸ்டேசனில் லீவு சொல்லியாயிற்று.

"கடைசியா உங்கட படிப்புக்கு ஒரு வேலை," என்றாள் மகேஸ். "டை கட்டிக்கொண்டு போங்கோ."

கட்டிப் பார்த்தேன். டை அதேதான். கழுத்துத்தான் வேறு.

மார்ச் 8, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். டிஸ்ட்ரிக்ட் லைனில் நின்றுகொண்டே போனேன்.

ஹெலன் என்பவர்தான் எனக்கு மேலே. முப்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளில் வருகிறார், ஹெல்மெட்டுக்குள் மதியச் சாப்பாட்டு ஆப்பிள். ஆபிரிக்காவில் வேலை செய்தவர். கெட்டிக்காரி. விஷயத்தை நேரே சொன்னார். வருகிற 24ஆம் திகதி கமிட்டி. மாரி மழை விதைப்பான காலபோகத்துக்கு விதை அனுப்புவதென்றால் அனுமதி எடுக்கவே ஐந்தாறு மாதம், ஆகவே இப்போதே முடிவு. படிவங்களின் தொகுப்பில் சனம் நன்றாகச் சாப்பிடுகிறது என்று வந்தால் திட்டம் மூடப்படும், உதவி வேறு நாட்டுக்குப் போகும்.

தொகுப்பைக் காட்டினார். கம்ப்யூட்டரில் அடித்தது. ஆறாம் கேள்வி: நேற்று எத்தனை வேளை உணவு, என்னென்ன? ஏறத்தாழ எல்லா வீட்டிலும் மூன்று வேளை. புட்டு, சோறு, மீன், இரண்டு கறி.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் சனம் எதையும் சமாளிக்கும் என்று ஹெலனுக்குப் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். மடையன்.

கடைசிக் கேள்வி பதினாலு: உதவி தேவைப்படும் வேறு யாரையும் தெரியுமா? விபரம் எழுதுக. எல்லாப் படிவத்திலும் அரைப் பக்கம் கையெழுத்து. கம்ப்யூட்டரால் ஏற்க முடியவில்லையாம், என்ன இருக்கிறது என்று ஹெலன் கேட்டார். இரண்டு மூன்றை மேலோட்டமாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கதை, முன்வீட்டுக் கதை.

"ஊர் வம்பு. விட்டுவிடுங்கள்," என்றேன்.

நீலக் கொப்பி, மத்தியானம்: சூப்.

உண்மை: வோக்ஸ்ஹால் ஸ்டேசன் அருகே சிப்ஸ். சூப் வாங்கும் எண்ணம் இருந்தது.

மார்ச் 9, புதன்

அக்காவின் படிவத்தைத் தேடினேன். வேலை நேரத்தில் செய்யக்கூடாதுதான். ஆனால் நவம்பர்க் கடிதத்தில் அக்கா எழுதியிருந்தார்: "வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விதை தந்தது, தை மாதம் வந்து எல்லாம் எழுதுவார்களாம்." என் ஒரே அக்கா. ஓய்வுபெற்ற ரீச்சர், கலியாணம் கட்டவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். நான் லண்டன் வந்தபோது, கூட வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர்.

படிவங்களில் பெயர் இல்லை, இலக்கம்தான். ஆனாலும் அக்காவின் ஊர் குளத்தடிப் படிவக் கட்டுக்குள் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். "தனி ஆள். முன்னாள் ஆசிரியை. லண்டனில் தம்பி ஒருவர். கோழி: 1 (இராணி)." கணக்கெடுக்க வந்தவரிடம் கோழியின் பெயரையும் சொல்லி எழுதுவித்திருக்கிறார். வேறு யாராக இருக்க முடியும்? கடிதங்களில் என் சுகம் விசாரிக்க ஒரு வரி, இராணியின் முட்டைக்கு நாலு வரி.

சாப்பாடு: காலை இடியப்பம், சொதி, முட்டை. மத்தியானம் சோறு, மீன்குழம்பு, மூன்று கறி. இரவு புட்டு.

பதினாலாம் கேள்வி: "எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வளவில் இராசம்மாவுக்கு நாலு பிள்ளைகள். அவைக்குக் குடுங்கோ."

ரீச்சர் இன்னும் ரீச்சர்தான். வீட்டுக்கு வந்து மகேஸிடம் சொன்னேன், அக்கா என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறா என்று.

"நல்லது. நீங்கள் கொஞ்சம் அவவுக்கு விட்டுக்குடுத்தால் இன்னும் நல்லது," என்றாள்.

மார்ச் 10, வியாழன்

சிவராத்திரி. மகேஸ் விரதம். எனக்கு மருந்து குடிக்கிறபடியால் விரதம் இல்லை, ஆனால் வீட்டில் அடுப்பும் இல்லை. பிஸ்கட்டும் பாலும்.

கோயிலில் கனகு அண்ணையும் அவர் மனைவி யோகம் அக்காவும். குட்மேய்ஸிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தார்கள். கனகு அண்ணை எங்கள் ஊரவர், இங்கே பேக்கரியில் ஷிப்ட் வேலை. முகம் வாடி வதங்கிப்போயிருந்தது.

படிவத்தின் தமிழ் சாதாரண ஆட்களுக்கு விளங்குகிறதா என்று ஒரு வீட்டில் கேட்டுப்பார்க்க வேண்டும் என்று ஹெலன் சொல்லியிருந்தார். கனகு அண்ணையிடம் கேட்டேன்.

"நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா. அதுக்கென்ன," என்றார்.

மார்ச் 11, வெள்ளி

காற்று. ஹெலனின் தொப்பி ஸ்ட்ரட்போர்ட் மேடையில் பறந்து தண்டவாளத்தில் விழுந்தது.

குட்மேய்ஸ். ஹெலன் கதிரையில் கிளிப்போர்டுடன். நான் மொழிபெயர்ப்பு.

ஆறாம் கேள்வி. நேற்று எத்தனை வேளை?

"மூண்டு வேளை," என்றார் கனகு அண்ணை, கண் இமைக்காமல்.

என்னென்ன?

"காலமை புட்டு. மத்தியானம் சோறு, மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. பின்னேரம் வடை. இரவு இடியப்பம்." யோகம் அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாயசம் எண்டும் எழுதச் சொல்லுங்கோ," என்றார்.

ஹெலன் எழுதினார். பாயசத்தையும்தான்.

பிறகு அவரைச் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார் ஹெலன். யோகம் அக்கா அதைக் காதில் வாங்கவேயில்லை, வாழையிலை மாதிரிப் பெரிய தட்டை வைத்துப் பரிமாறத் தொடங்கினார். விரதம் முடித்த சமையல், ஏழு கறி. போதும் என்றார், சோறு வந்தது. வேண்டாம் என்றார், அப்பளம் வந்தது. கையால் தட்டை மூடினார், விரல் இடுக்கால் பருப்பு வந்தது.

வாசலில் சப்பாத்துப் போடும்போது கனகு அண்ணையிடம் மெல்லக் கேட்டேன்.

"அண்ணை, நேற்றுச் சிவராத்திரியெல்லோ?"

"ஓம்."

"மீன்குழம்பு எண்டியள்."

"சொன்னதுதானே, சாப்பிடேல்லையே. சிவனுக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு வந்த மனுசியிட்டை நேற்றுப் பட்டினி எண்டு சொல்லேலுமே? அவள் என்ன நினைப்பாள் எங்களைப் பற்றி?"

ரயிலில் ஹெலன் பாவம், மூச்சு விடவே கஷ்டப்பட்டார். நாக்கில் ருசிக்கக்கூட இல்லை அந்த ஏழு கறியும். குட்மேய்ஸில் குளிர்ப்பெட்டி நிறைய வைத்திருக்கிற கனகு அண்ணையே இப்படியென்றால், வன்னியில் படிவத்தோடு போய் நின்ற பிள்ளைக்கு அந்தச் சனம் என்ன சொல்லியிருக்கும்? கணக்கெடுக்கப் போனவர்களின் குறிப்பே இருக்கிறது: எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர் தந்தார்கள்.

விருந்தாளி சாப்பிட்டாச்சு என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. வீட்டுக்காரர் சாப்பிட்டாச்சு என்றால் கம்ப்யூட்டரில் அடித்துவிடுகிறோம்.

மார்ச் 14, திங்கள்

மழை. ஹெலனிடம் எல்லாம் சொன்னேன், சிவராத்திரி உட்பட. முதலில் சிரித்தார். பிறகு நாடியில் கை வைத்து யோசித்தார்.

"நான் நம்புகிறேன். ஆனால் குட்மேய்ஸில் ஒருவர் பொய் சொன்னார் என்று கமிட்டிக்குச் சொல்ல முடியாது. படிவங்களுக்குள்ளிருந்தே ஆதாரம் வேண்டும். பத்து நாள் இருக்கிறது."

திரும்பக் கேட்டு எழுதுவிக்கலாமா என்றால், கடிதம் போய் வரவே இரண்டு மாதம்.

இன்று முழுக்க விளைச்சல் கேள்விகளைக் கிளறினேன். அதிலும் எல்லாம் "நல்ல விளைச்சல்". உரம் இல்லை, பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை, ஆனால் நல்ல விளைச்சல். பதினேழு வருடம் போதனை செய்தவனுக்கே போதனை.

மார்ச் 16, புதன்

ஒன்றும் இல்லை. படிவம், படிவம், படிவம். ஆறாம் கேள்வியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. மீன்குழம்பாம்.

நாளை கிளினிக். நீலக் கொப்பியில் மூன்று நாள் விட்டுப்போயிற்று, ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். ஒரே பேனை என்றால் பிடிபடும், இரண்டு பேனையால்.

மார்ச் 17, வியாழன்

மகேஸும் கூட வந்தாள், வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

நேர்ஸ் நீலக் கொப்பியைப் புரட்டிப் புரட்டி வாசித்தாள். மெச்சினாள். இப்படி ஒழுங்காகச் சாப்பிடுகிறவரை இந்தக் கிளினிக் கண்டதில்லையாம். பிறகு இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு கதிரையைத் திருப்பி மகேஸைப் பார்த்து, "நேற்று இவர் என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டாள்.

இங்கிலிஷ் வராது என்று கவுன்சில் கடிதத்துக்கெல்லாம் என்னை அனுப்புகிற மகேஸ், ஒரு மூச்சில் சொன்னாள். பாண், பட்டர், எத்தனை துண்டு. பெற்றோல் ஸ்டேசனிலிருந்து கொண்டுவந்து ஒளித்த சொக்லட். சிப்ஸ் பேப்பர் கோட் பொக்கெற்றில். ரொபித் தகரத்தில் எத்தனை மிச்சம் என்பதுகூடக் கணக்கில் இருந்தது.

நேர்ஸ் எல்லாம் எழுதினாள். என் கொப்பியில் எழுதவில்லை, தன்னுடைய கோப்பில். நீலக் கொப்பியை இன்னும் பத்து நாள் எழுதச் சொன்னாள்.

பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் துரோகம் செய்துபோட்டாய்."

"உங்களைப் பற்றி உங்களைக் கேட்டால் பொய்தான் வரும்," என்றாள் மகேஸ். "என்னைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பன். பக்கத்தில இருக்கிற ஆளுக்குத்தானே தெரியும்."

அப்டன் பார்க் தாண்டும்போது தலையில் அடித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இருக்கிற ஆள். பதினாலாம் கேள்வி. ஊர் வம்பு.

மார்ச் 18, வெள்ளி

காலை ஏழரைக்கே அலுவலகம். ஹெலன் வரும்வரை வாசலில் நின்றேன், டை இல்லாமல்.

பதினாலாம் கேள்வி மட்டும் வாசித்தேன். ஒரு கிராமத்திலிருந்து இங்கே எழுதி வைக்கிறேன்:

வீடு 3: "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அடுத்த வீட்டார்தான் பாவம், தந்த விதைநெல்லை அவிச்சுப்போட்டினம்."

வீடு 4: "நாங்கள் விதைச்சனாங்கள். கிணத்தடி வீட்டிலை பிள்ளையள் வெறுந்தேத்தண்ணியோடை பள்ளிக்கூடம் போகுதுகள்."

வீடு 5, கிணற்றடி வீடு: "எங்கட பிள்ளையள் வடிவாச் சாப்பிடுகினம். வீடு 3இல் மனுசி ஒரு நேரம்தான் அடுப்பு மூட்டுறா, புகையைப் பாத்தால் தெரியும்."

வட்டம் முடிந்தது. மூன்று வீட்டிலும் ஆறாம் கேள்விக்கு மீன்குழம்பு.

ஹெலன் மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு, "இதைத்தானே நீங்கள் விடச் சொன்னீர்கள்?" என்றார்.

ஓம் என்றேன். என்ன செய்ய, உண்மை.

மார்ச் 20, ஞாயிறு

வீட்டில் வேலை. மிச்சமான சுவர்க்கடதாசியைப் பின்பக்கமாக விரித்து, கிராமம் கிராமமாக வீடுகளைப் போட்டு, எந்த வீடு எந்த வீட்டைப் பற்றிச் சொன்னதோ அதற்குச் சிவப்பு அம்பு. முன் ஹோல் முழுக்கக் கடதாசி. நான் முழங்காலில்.

மகேஸ் வாளியோடு வந்து பார்த்தாள். "இதென்ன, சாதகமோ?"

ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் ஓர் அம்பு வருகிறது. தன்னைத் தானே காட்டிய அம்பு ஒன்றும் இல்லை. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. ஒருத்தராவது வாய் திறந்து பசிக்குது என்று சொல்லியிருந்தால், நான் ஏன் இந்த வயதில் தரையில் தவழ்கிறேன்?

குளத்தடிக் கட்டு மட்டும் மிச்சம். அது அக்காவின் இடம், அங்கே மூன்று கறி. ஆறுதலாகப் பார்க்கலாம்.

மார்ச் 22, செவ்வாய்

குளத்தடி. இராசம்மா வீடு. எழுத்து அப்படியே:

"எங்களுக்குக் குறைவில்லை. பக்கத்து வளவு ரீச்சரம்மாவைப் பாருங்கோ. தனி ஆள். கேட்டால் சாப்பிட்டாச்சு எண்டுவா. கறி குடுத்துவிட்டால் கிண்ணத்தை வெறுமையாத் தரக்கூடாது எண்டு முருங்கையிலை போட்டுத் தருவா. இப்ப அந்த மரம் கையெட்டும் வரைக்கும் மொட்டை, அதைத்தான் அவவும் அவிச்சுத் தின்னுறா. விதைவெங்காயத்தைப் பாதி எங்களுக்குத் தந்திட்டா. மார்கழியிலை கோழியையும் எங்கட பிள்ளையளுக்குச் சமைச்சுத் தந்திட்டா. ஆரும் கேட்டால் கோழி நிக்குது எண்டுதான் சொல்லுவா."

மூன்று தரம் வாசித்தேன். அக்காவின் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கோழி: 1 (இராணி).

கழிப்பறைக்குள் போய் இருந்து அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை. டை வேறு.

நீலக் கொப்பி, மத்தியானம்: ஒன்றுமில்லை.

உண்மை: ஒன்றுமில்லை. நேர்ஸ் நம்பப்போவதில்லை.

மார்ச் 24, வியாழன்

நல்ல வெயில். கமிட்டி ஏழு பேர், நீள மேசை. சுவர்க்கடதாசியை ஹெலன் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்பக்கத்து ரோசாப்பூக்கள் கமிட்டிக்குத் தெரியாதபடி.

சிவராத்திரிக் கதையை ஹெலனே சொன்னார். சிரித்தார்கள். பிறகு அம்புகள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்து கிராமத்திலிருந்து ஒவ்வொரு வீட்டை வாசித்தேன். குளத்தடியையும் வாசித்தேன், அக்காவின் படிவத்தோடு, வேண்டுமென்றேதான். அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

தலைவர் வயதானவர், காதில் கருவி. "இந்த ஆசிரியைக்கு லண்டனில் ஒரு தம்பி என்று இருக்கிறதே," என்றார். "அந்த மனிதருக்கு இது தெரியுமா?"

ஹெலனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் ஹெலன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்போது தெரியும்," என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காலபோகத்துக்கு விதை போகும். அதற்கு முன்பு உலர் உணவும் போகும், அனுமதி கிடைத்தவுடன். அடுத்த முறை படிவத்தில் ஆறாம் கேள்வி இல்லை. பதினாலாம் கேள்விதான் முதலாவது.

முடிந்ததும் சான்விச் தட்டோடு ஹெலன் வந்தார். "நான் சாப்பிட்டாச்சு, நன்றி," என்றேன்.

ஹெலன் என்னோடு பேசவேயில்லை. பக்கத்தில் நின்ற ரைப்பிஸ்ட் பெண்ணிடம் திரும்பி, "இவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"காலையிலிருந்து ஒன்றும் இல்லை," என்றாள் அவள்.

தட்டை என் கையில் வைத்துவிட்டு, முடியும்வரை முன்னால் நின்றார். யோகம் அக்காவும் தோற்றார்.

நீலக் கொப்பி: சான்விச் மூன்று, வெள்ளரிக்காய். உண்மையும் அதுதான்.

மார்ச் 25, வெள்ளி

மப்பு வானம். காலை இராசம்மாவுக்குக் கடிதம். அவருக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தரம். கொழும்பு போகிறவரிடம் மாவும் பருப்பும் பால்மாவும் கொடுத்துவிட இருக்கிறேன், எப்படியும் உங்களிடம் சேர்ப்பிக்கப் பார்ப்பார்கள், பாதி உங்கள் பிள்ளைகளுக்கு. மற்றப் பாதியைச் சமைத்துக்கொண்டு போய் அக்காவின் முன்னால் வையுங்கோ. சாப்பிட்டீங்களோ என்று மட்டும் கேட்க வேண்டாம். முடியும்வரை முன்னால் இருங்கோ.

உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது தபால் விழுந்தது. அக்காவின் கையெழுத்து, மாசி மாதத் திகதி.

மகேஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், செவ்வாயே சொல்லிவிட்டேன். ஆனாலும் கேட்டாள்.

"இராணி எப்பிடியாம்?"

வாசித்துக் காட்டினேன். நல்ல சுகமாம். நேற்றும் ஒரு முட்டையாம்.